ஏழு இலட்சத்தை வேண்டாமென்ற இளைஞர்

பணம் பெரிதா, புகழ் பெரிதா என்று ஒரு பட்டிமண்டபம் வைத்தால் நம்மவர்கள் விடிய விடியப் பேசுவார்கள். கேட்பவர்களும் இரு கட்சிக்கும் மாறி மாறிக் கைதட்டுவார்கள். ஆனால் மேடையிற் பேசுவது ஒன்று; எழுதி முடித்த ஒப்பந்தத் தாள் கண்ணெதிரே கிடக்க, எழுதுகோலை எடுப்பதா வைப்பதா என்று தீர்மானிப்பது வேறொன்று. 1959 ஆம் ஆண்டிலே, இருபத்திரண்டு வயதான ஒரு தமிழ் இளைஞருக்கு அத்தகைய வேளை வாய்த்தது. மூன்றாண்டுக் காலத்துக்கு ஒன்றரை இலட்சம் அமெரிக்க டொலர் தருவதாக அவரை அழைத்தார்கள். அக்காலத்தில் ஒரு டொலருக்கு 4 ரூபாய் 76 சதம். இந்திய ரூபாய்க்கும் நமது இலங்கை ரூபாய்க்கும் ஒரே கணக்குத்தான். ஆகவே தொகை ஏழு இலட்சம் ரூபாய்க்கும் மேலாகும். அந்த இளைஞர் வேண்டாம் என்றார்.

அவர் பெயர் இராமநாதன் கிருஷ்ணன். தொழில் யாதெனில், டென்னிஸ் ஆடுவது. இல்லை, தொழிலென்று சொன்னது தவறு. அது அவருக்குத் தொழில் அன்று. அன்று என்பதிலேதான் இக்கதையின் முடிச்சே இருக்கின்றது.

டென்னிஸ் என்றதும் நமது மாணவர்கள் முகத்தைத் திருப்பிக் கொள்ளலாம். மட்டக்குளியிலே ஓர் ஒழுங்கைக்குள் நுழைந்து, டென்னிஸ் பந்து எதற்குப் பயன்படும் என்று கேட்டுப் பாருங்கள். கிரிக்கெட் ஆடுவதற்கு என்றே பதில் வரும். சுவரிலே கரிக்கோடு மூன்று, கையிலே பலகை ஒன்று, பந்து மட்டும் டென்னிஸ் பந்து! பையன்களைக் குறைகூறுவதற்கில்லை. டென்னிஸ் ஆடுவதற்குச் சமதரையாக ஓர் ஆடுகளம் வேண்டும், வலை வேண்டும், நரம்பு முறுக்கிய மட்டை வேண்டும், அதற்கு மேலாக, உள்ளே வா என்று சொல்வதற்கு ஒரு கழகம் வேண்டும். நமது நாட்டிலே வெள்ளைக்காரத் துரைமாரும் தோட்டச் சொந்தக்காரரும் தமது கழகங்களில் வளர்த்த ஆட்டம் இது. இலங்கை 1953 ஆம் ஆண்டிலேயே டேவிஸ் கிண்ணப் போட்டியிற் கலந்துகொண்டது என்பது உண்மைதான். ஆயினும் ஒழுங்கைப் பிள்ளைகளுக்கும் இந்த ஆட்டத்துக்கும் இடையே இருந்த வேலி எளிதில் சாயவில்லை.

அந்த வேலியைப் பற்றித்தான் நாம் இங்கே பேசப் போகிறோம். டென்னிஸ் உலகத்தில் வேலிகள் பல இருந்தன. அவற்றுள் மிகப் பெரியது, பணம் வாங்கி ஆடுபவன், வாங்காமல் ஆடுபவன் என்று மனிதரை இரு சாதியாகப் பிரித்த வேலி.

இரண்டு சாதி

பணம் வாங்காமல் ஆடுபவனை அமெச்சூர் என்றார்கள். ஒன்றை அன்பினால் மட்டும் செய்பவன் என்பது அச்சொல்லின் பொருள். பணம் வாங்குபவன் தொழில்முறை ஆட்டக்காரன். விம்பிள்டன் முதலாய பெரும் போட்டிகளிலும், நாட்டுக்காக ஆடும் டேவிஸ் கிண்ணத்திலும் அமெச்சூருக்கே இடம். தொழில்முறைக்காரன் உலகத்திலேயே சிறந்தவனாயினும் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். 1968 ஆம் ஆண்டு வரையில் நின்றது இந்த முறை.

கேட்பதற்கு இனிய கொள்கையாகத்தான் தோன்றுகிறது. ஆட்டத்தை ஆட்டத்துக்காகவே ஆடுவதைக் காட்டிலும் தூய்மையானது எது? ஆனால், ஆண்டு முழுவதும் ஊர் ஊராகப் பயணஞ்செய்து ஆடிக்கொண்டிருப்பவனுக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்று ஒரு கேள்வி கேட்டால் அந்தத் தூய்மை கொஞ்சம் கலங்கிவிடும். முன்னோர் தேடிய சொத்துள்ளவனுக்கு அக்கேள்வியே எழாது. சொத்தில்லாதவனுக்கோ வழிச் செலவு என்ற பெயரிலே திரைமறைவாகப் பணம் கொடுத்தார்கள். வாங்கியது ஊருக்குத் தெரியும். ஏட்டிலே மட்டும் இராது. இப்படி ஒரு பொய்யைப் பல ஆண்டுகள் எல்லாரும் சேர்ந்து காப்பாற்றினார்கள்.

இந்த வேலியிலே மோதிய ஒரு ஜேர்மானியரை வாசகர்கள் அறிந்துகொள்ளல் வேண்டும். அவரை நிறுத்திப் பார்த்தாலன்றிக் கிருஷ்ணன் வேண்டாமென்றதன் எடை நமக்கு விளங்காது.

ஹான்ஸ் நுஸ்லைன் 1910 ஆம் ஆண்டு நூரம்பேர்க் நகரிலே பிறந்தவர். இளம் பிள்ளையாய் இருக்கும்போதே மட்டை பிடிப்பதில் வல்லவரானார். அப்பருவத்திலே, வேறொருவருக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்து அதற்குக் கூலி பெற்றார். அவ்வளவுதான். அவர் அமெச்சூர் அல்லர் என்று ஜேர்மன் டென்னிஸ் சங்கம் ஒதுக்கிவிட்டது. வாழ்க்கை தொடங்குமுன்பே ஒரு கதவு சாத்தப்பட்டது. கற்பித்துக் கூலி பெறுவது அத்துணை பெரிய குற்றமாயின், மாதக் கடைசியிலே சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் நம் போன்ற ஆசிரியர் கூட்டத்தை என்ன செய்வது என்று எண்ணிப் பார்க்கிறோம்!

நுஸ்லைன் முடங்கிவிடவில்லை. தமக்கென விடப்பட்ட தொழில்முறைப் போட்டிகளில் ஆடினார். 1933 இலே பேர்ளின் நகரில் நடைபெற்ற தொழில்முறையாளர் உலகப் போட்டியில், அமெரிக்கப் பெருவீரர் பில் டில்டனையே வென்றார். 1937 இலும் 1938 இலும் இலண்டனில் வெம்பிளி மண்டபத்திலே நடந்த தொழில்முறைப் பட்டங்கள் அவருடையவை. வெம்பிளியும் விம்பிள்டனும் இலண்டன் மாநகரத்துக்குள்ளேயே இருக்கும் இரண்டு இடங்கள். ஒன்றிலே அவர் வாகை சூடினார். மற்றதிலே அவர் கால் வைத்து ஆட ஒருநாளும் அனுமதிக்கப்படவில்லை. அதே ஆண்டுகளில், ஜேர்மனியின் பிரபு குடும்பத்துப் பிள்ளையாகிய கொட்பிரீட் வொன் கிராம் 1935, 1936, 1937 என்று தொடர்ந்து மூன்று முறை விம்பிள்டன் இறுதியாட்டத்திலே ஆடினார். வொன் கிராம் பெருந்தன்மை மிக்கவர். அவர்மீது நமக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. ஆனால் ஒரே நாட்டில், ஒரே காலத்தில் இருவர். ஒருவர் பெயரை உலகம் அறிந்தது, மற்றவர் பெயரை ஆட்டம் தெரிந்தவர்கள் மாத்திரம் அறிந்தார்கள்.

நுஸ்லைனுக்கு வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பே கொடுக்கப்படவில்லை. கிருஷ்ணனுக்குக் கொடுக்கப்பட்டது.

நாகர்கோயிற் பிள்ளை

கிருஷ்ணன் 1937 ஆம் ஆண்டு ஏப்ரில் 11 ஆந் திகதி நாகர்கோயிலிலே பிறந்தார். தந்தையார் தி. கி. இராமநாதன் தாமே நல்ல ஆட்டக்காரர். மகனுக்கு அவரே குரு. வேறொரு பயிற்சியாளரைத் தேடி மேல்நாட்டுக்கு அனுப்பிய கதை இங்கே இல்லை. வீட்டு வித்தையாகத் தந்தை சொல்ல மகன் கற்றது இது. நம் நாட்டிலே நாதசுரமும் மிருதங்கமும் எவ்வாறு தலைமுறைக்குத் தலைமுறை இறங்கி வந்தனவோ அவ்வாறே வந்தது.

சென்னை லொயோலாக் கல்லூரியிலே பெர்ட்ராம் போட்டி என்று ஒன்று நடக்கும். அது கல்லூரி மாணவர்களுக்கே உரியது. பள்ளிக்கூடத்துப் பையனான கிருஷ்ணன் தானும் ஆடவேண்டும் என்று கேட்டார். கல்லூரி அதிபர் இசைந்தார். மீசை அரும்பிய மாணவர்களுக்கிடையே நுழைந்த அச்சிறுவன் போட்டியையே வென்றுவிட்டான். விதி இடங்கொடாத இடத்தில் அதிபர் ஒருவர் இடங்கொடுத்ததனால் வந்த பயன் இது. கல்லூரி அதிபர்கள் இதைக் கவனிப்பார்களாக.

1953 ஆம் ஆண்டில் விம்பிள்டன் இளைஞர் போட்டியின் இறுதியாட்டம் வரை சென்று, ஆங்கிலேயரான பில்லி நைட்டிடம் தோற்றார். மறு ஆண்டு மீண்டும் சென்று, அவுஸ்திரேலியாவின் அஷ்லி கூப்பரை வென்று பட்டத்தைப் பெற்றார். ஆசியாக் கண்டத்திலிருந்து அப்பட்டத்தைப் பெற்றவர் அவருக்கு முன் எவருமில்லை. தோற்ற கூப்பர் சாதாரணமானவரல்லர். 1958 இலே விம்பிள்டன் சம்பியனாக வந்தவர் அவரே.

கிருஷ்ணனுடைய ஆட்டம் எத்தகையது? பேருடலும் பெருவலியும் அவருக்கில்லை. எதிரியைத் திகைக்க வைக்கும் சேர்விஸ் அவரிடம் இல்லை. அந்தப் பகுதியில் அவர் ஆட்டம் மென்மையானது என்றே சொல்லவேண்டும். அக்காலத்து அவுஸ்திரேலியர்களோ சம்மட்டி கொண்டு அடிப்பது போல அடிப்பவர்கள். அவர்களுக்கு எதிரே கிருஷ்ணன் பந்தைத் தடவிவிட்டது போலத் தோன்றும். பந்து போய் விழும் இடம் மட்டும் எதிரி நிற்கும் இடமாயிராது. எதிரியின் வேகத்தையே கடன் வாங்கி, அவனால் எட்ட முடியாத மூலைக்கு அதைத் திருப்பிவிடுவார். பந்து தரையைத் தொட்டு எழும் அக்கணத்திலேயே அதை அள்ளி எடுக்கும் அரை வொலி என்னும் அடியில் அவர் கைதேர்ந்தவர். கனமான மட்டையும் மெல்லிய மணிக்கட்டும் சேர்ந்து செய்த வேலை அது. இன்றைய இலேசான மட்டைகளைப் பிடித்துப் பழகியவர்களுக்கு அன்றைய மரமட்டையால் அது எவ்வளவு அரிதென்று புரிவது கடினம்.

1959 இலே இந்த மென்மை உலகத்துக்குத் தெரிந்தது. இலண்டன் குவீன்ஸ் கழகப் போட்டியில் அவுஸ்திரேலியாவின் நீல் பிரேசரைத் தோற்கடித்துப் பட்டம் பெற்றார். அதே ஆண்டு டேவிஸ் கிண்ணத்தில் இந்தியாவும் அவுஸ்திரேலியாவும் அமெரிக்க மண்ணிலே சந்தித்தபோது, அவ்வாண்டு விம்பிள்டன் இறுதியாட்டம் வரை சென்று வந்திருந்த றொட் லேவரை வென்றார். இந்தியா அந்தப் போட்டியில் தோற்றது. ஆனால் லேவரை வென்றவன் யார் என்று உலகம் திரும்பிப் பார்த்தது. திரும்பிப் பார்த்தவர்களுள் ஜாக் கிரேமர் ஒருவர்.

கிரேமரின் அழைப்பு

கிரேமர் 1947 ஆம் ஆண்டு விம்பிள்டன் சம்பியன். பின்னர் தொழில்முறைக்கு மாறி, தாமே ஒரு குழுவை நடத்தும் முதலாளியானார். அமெச்சூர் உலகத்திலே எவன் தலைதூக்குகிறானோ அவனைப் பணங்காட்டி அழைத்துக்கொள்வது அவர் வழக்கம். 1957 இலே, இரண்டாம் முறையாக விம்பிள்டன் வென்ற கையோடு அவுஸ்திரேலியாவின் லூ ஹோட் கிரேமரிடம் சென்றார். ஒன்றேகால் இலட்சம் டொலர் என்று பேச்சு. அந்த ஹோட்டுக்குப் பேசியதைவிடக் கூடிய தொகை, விம்பிள்டன் ஒருமுறையேனும் வெல்லாத ஒரு தமிழ் இளைஞருக்குப் பேசப்பட்டது என்பதைக் கவனித்தல் வேண்டும். ஆசியாவிலே ஒரு வீரர் கிடைத்தால் ஆசியாவிலே நுழைவுச்சீட்டு விலைபோகும் என்று கிரேமர் கணக்குப் போட்டிருக்கவும் கூடும். முதலாளி கணக்குப் போடாமல் பணத்தை நீட்டுவதில்லை.

அந்தக் குழுவின் வாழ்க்கை எப்படியிருந்தது? ஓர் இரவு ஓர் ஊர். மறு இரவு வேறூர். மண்டபத்துத் தரையிலே பெரிய கித்தானை விரித்து அதன்மேல் ஆடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் அதைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் புறப்படுவார்கள். நமது ஊர்களுக்கு வந்துபோன நாடகக் கொட்டகைக்காரரின் பிழைப்பை நினைவூட்டும் வாழ்வு அது. எதிரே நிற்பவர்கள் என்றும் அதே நாலைந்து பேர்: பாஞ்சோ கொன்சாலஸ், கென் ரோஸ்வோல், ஹோட் என்று. ஆட்டத்தின் தரம் மிக உயர்ந்தது. உலகத்தில் அக்காலத்தில் ஆடப்பட்ட மிகச் சிறந்த டென்னிஸ் அங்கேதான் இருந்தது என்று சொல்வோர் பலர். ஆனால் அங்கே சென்றவன் திரும்பி வரமுடியாது. விம்பிள்டன் இல்லை, நாட்டுக்காக ஆடுவதில்லை.

இதற்குச் சான்று வேண்டுமானால் ரோஸ்வோலைப் பாருங்கள். 1954 இலும் 1956 இலும் விம்பிள்டன் இறுதியாட்டத்தில் தோற்றவர், 1956 முடிவிலே தொழில்முறைக்குச் சென்றார். பதினோராண்டு கழிந்து கதவு திறந்த பின்னர் வந்து, 1970 இலும் 1974 இலும் மீண்டும் இறுதியாட்டத்தில் ஆடித் தோற்றார். முப்பத்தொன்பது வயதிலும் இறுதிவரை வரத்தக்க வீரர், நடு வயதின் நல்ல ஆண்டுகளையெல்லாம் வெளியே கழித்தமையால், விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் இல்லாமலே ஓய்வு பெற்றார்.

கிருஷ்ணன் தாம் மறுத்ததைப் பெரிய தியாகமாக மேடை போட்டு முழங்கவில்லை. அவர் மனத்தினுள் நாமும் புகுந்து பார்க்க முயலவேண்டாம். எதை விட்டு எதை எடுத்தார் என்பதை அடுத்துவந்த ஆண்டுகளே காட்டுகின்றன.

1960 இலே விம்பிள்டனில் அரையிறுதி. அவரை வென்ற நீல் பிரேசரே பட்டம் பெற்றார். 1961 இலே கால் இறுதியாட்டத்தில் றோய் எமர்சனை 6-1, 6-4, 6-4 என்று மூன்றே செட்டுகளில் மடக்கினார். எமர்சனை அறிந்தவர்களுக்கு இந்த இலக்கங்கள் எவ்வளவு வியப்பானவை என்று தெரியும். பின்னாளில் 1964 இலும் 1965 இலும் விம்பிள்டனை வென்றவர் அவர். அவ்வாண்டு விம்பிள்டன் தொடங்குவதற்குச் சரியாக மூன்று கிழமைக்கு முன், சூன் 5 ஆந் திகதி, சென்னையிலே கிருஷ்ணனுக்கு ஒரு மகன் பிறந்திருந்தான். அரையிறுதியில் இம்முறை லேவர் குறுக்கே நின்றார்; லேவரே பட்டமும் பெற்றார். இரண்டு ஆண்டும் சம்பியனிடமே தோற்றார் என்பது ஆறுதலா, துயரமா என்று சொல்வது எளிதன்று.

1962 ஆம் ஆண்டுதான் நமக்கு இன்றும் மனத்தை வருத்துவது. போட்டி நடத்துவோர் அவருக்கு நாலாம் இடம் கொடுத்து வரிசைப்படுத்தினார்கள். அவர் பெற்றவற்றுள் அதுவே உயர்ந்த வரிசை. வயது இருபத்தைந்து. கணுக்காலிலே காயம்பட்டது. போட்டியின் நடுவிலே விலகினார். அவ்வாண்டு அரையிறுதிக்கு வந்த நால்வரும் அவுஸ்திரேலியர். பட்டம் மீண்டும் லேவருக்கு. அதற்கு அவர் பெற்ற சன்மானம் பத்துப் பவுண் பெறுமதியான சீட்டும் ஒரு கைகுலுக்கலும் என்று லேவரே பிற்காலத்தில் கூறியதுண்டு. அந்த ஆண்டு முடிவிலே லேவரும் தொழில்முறைக்குப் போய்விட்டார். 1963 முதல் 1967 வரை ஐந்து விம்பிள்டன் அவரில்லாமலே நடந்தன.

இவ்விடத்தில் நமது அபிப்பிராயத்தை மறைக்காமற் சொல்லிவிடுகிறோம். கிருஷ்ணன் மறுத்ததை நாம் போற்றுகிறோம். ஆனால் அதைக் காட்டி, பணம் வாங்கி ஆடியவர்களைத் தாழ்த்திப் பேசுவோருடன் நாம் சேரமாட்டோம். லேவர் நூற்றுக்கணக்கான இரவுகள் கித்தான் மேல் ஆடி உழைத்தது இழிவா? நூரம்பேர்க்குப் பிள்ளை கற்றுக்கொடுத்துக் கூலி பெற்றது இழிவா? இழிவு எங்கேனும் இருந்ததென்றால், திரைமறைவிலே கொடுத்துவிட்டுக் கொடுக்கவில்லை என்று சாதித்த சங்கங்களிடம் இருந்தது. 1960 இலே பாரிஸ் நகரில் கூடிய உலகச் சங்கம் இரு சாதியையும் ஒரே ஆடுகளத்தில் விடலாமா என்று வாக்கெடுத்தது. ஐந்து வாக்குக் குறைந்து பிரேரணை விழுந்தது. ஐந்தே ஐந்து வாக்கு! அவை கிடைத்திருந்தால் கிருஷ்ணனுக்கு மறுக்கவேண்டிய தேவையே எதிர்காலத்தில் இருந்திராது. பணமும் விம்பிள்டனும் ஒருங்கே கிடைத்திருக்கும்.

கல்கத்தாவிலே ஒரு மாலை

கிருஷ்ணன் மறுத்ததன் முழுப்பயனும் ஏழாண்டு கழித்தே கிடைத்தது. 1966 ஆம் ஆண்டு டேவிஸ் கிண்ணத்தில் இந்தியா மேற்கு ஜேர்மனியைத் தோற்கடித்தது. அந்த ஜேர்மன் அணியிலிருந்த வில்ஹெல்ம் புங்கேர்ட் அடுத்த ஆண்டே விம்பிள்டன் இறுதியாட்டத்துக்குச் சென்றவர் என்றால், எதிரியின் தரம் தெரியும். ஜேர்மனியைத் தாண்டியதும் பிரேசில். கல்கத்தா சவுத் கிளப்பின் புற்றரையிலே போட்டி.

நாலு ஆட்டம் முடிந்தபோது இரண்டுக்கு இரண்டு. எஞ்சியது ஒன்று: கிருஷ்ணனுக்கும் தோமஸ் கொக்குக்கும். கொக் இடக்கைக்காரர், வயது இருபத்தொன்று. கிருஷ்ணனுக்கோ இருபத்தொன்பது. முதற் செட் கொக்குக்கு 6-3. இரண்டாவது கிருஷ்ணனுக்கு 6-4. மூன்றாவது நீண்டது. சமநிலையை வெட்டி முடிக்கும் இன்றைய விதி அன்று இல்லை. ஒருவர் இரண்டு ஆட்டம் முந்தும்வரை போய்க்கொண்டேயிருக்கும். 12-10 என்று கொக் அதை எடுத்தார். நாலாவதிலே கொக்கின் கணக்கு 5, கிருஷ்ணனின் கணக்கு 2. இன்னும் ஒரு ஆட்டம் போனால் எல்லாம் முடிந்தது.

அந்த நிலையிலே நின்றுகொண்டு கிருஷ்ணன் தம் ஆட்டத்தை மாற்றவில்லை. திடீரென்று பலமாக அடிக்கத் தொடங்கவும் இல்லை. அதே மென்மை, அதே மூலை, அதே பொறுமை. ஆட்டம் ஒவ்வொன்றாகத் திரும்பிற்று. 2-5 என்றிருந்தது 7-5 ஆயிற்று. தொடர்ந்து ஐந்து ஆட்டம்! ஐந்தாம் செட்டில் கொக்கினால் நிற்க முடியவில்லை, 6-2. கூட்டிப் பார்த்தால் இருவரும் அறுபத்தொரு ஆட்டம் ஆடியிருந்தார்கள். கணிதம் கற்கும் மாணவர்கள் நாம் சொன்ன இலக்கங்களைக் கூட்டிச் சரிபார்த்துக் கொள்ளலாம்.

இந்தியா முதன்முறையாக டேவிஸ் கிண்ணத்தின் இறுதிச் சுற்றை அடைந்தது. ஆசியாவிலிருந்து அதற்கு முன் அவ்விடத்தை அடைந்தது 1921 இல் ஜப்பான் மட்டுமே.

இறுதிப் போட்டி மெல்போர்ணிலே, கிறிஸ்மசுக்கு மறுநாள் தொடங்கியது. எதிரே அவுஸ்திரேலியா. நாலுக்கு ஒன்று என்று இந்தியா தோற்றது. அந்த ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. இரட்டையர் ஆட்டத்திலே ஜோன் நியூகொம், டோனி றோச் என்ற இணையை, கிருஷ்ணனும் வங்காளத்து ஜெய்தீப் முக்கர்ஜியும் வென்றார்கள். நியூகொம்மும் றோச்சும் முந்திய ஆண்டு விம்பிள்டன் இரட்டையர் சம்பியன்கள். உலகத்தின் மிகச் சிறந்த இணைகளில் ஒன்றாக நெடுங்காலம் விளங்கியவர்கள். மூன்றாண்டு ஒப்பந்தத்திலே கையெழுத்திட்டிருந்தால், அந்த ஆடுகளத்தில் இந்தியாவுக்காக நிற்பதற்குக் கிருஷ்ணனுக்கு உரிமையிராது. மூன்றாண்டு முடிந்தாலும் ஒருமுறை தொழில்முறைக்காரனானவன் என்றும் தொழில்முறைக்காரனே.

1961 இலே அர்ச்சுனா விருதும், 1962 இலே பத்மஸ்ரீயும், 1967 இலே பத்மபூஷணும் இந்திய அரசாங்கம் அவருக்கு அளித்தது. பிற்காலத்தில் சென்னையிலே எரிவாயு விநியோகம் செய்யும் நிறுவனமொன்றை நடத்தி வாழ்ந்தார். அதையும் இங்கே குறிக்கக் காரணமுண்டு. உலக வீரர் ஒருவர், ஆட்டத்தினால் செல்வந்தராகாமல், நம்மைப்போல வேறொரு தொழில் செய்தே குடும்பத்தை நடத்தினார். அமெச்சூர் என்ற சொல்லுக்கு அவர் கொடுத்த விலை அது. பிள்ளை விளையாடினால் சோறு கிடைக்குமா என்று கேட்கும் பெற்றோரை நாம் ஏளனஞ் செய்வதில்லை. கிருஷ்ணன் காலத்தில் அக்கேள்விக்கு உண்மையான விடை, கிடைக்காது என்பதுதான்.

கதவு திறந்த பின்

மெல்போர்ண் போட்டி முடிந்து ஒன்றரை ஆண்டுக்குள் வேலி விழுந்தது. பிரித்தானியச் சங்கம் 1967 முடிவில் துணிந்து முடிவு செய்தது. 1968 ஏப்ரிலில் போர்ண்மத் நகரிலே இரு சாதியும் கலந்து ஆடிய முதற் போட்டி நடந்தது. அவ்வாண்டு விம்பிள்டனும் அனைவருக்கும் திறந்தது. ஆண் சம்பியனுக்குப் பரிசு 2,000 பவுண். அதைப் பெற்றவர், ஐந்தாண்டு வெளியே நின்றுவிட்டு வந்த அதே லேவர். கிருஷ்ணனுக்கு அப்போது முப்பத்தொரு வயது. அவரது சிறந்த ஆண்டுகள் கடந்துவிட்டன.

நுஸ்லைனுக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருக்குத் திறந்த கதவினால் என்ன பயன்? அவர் 1991 இலே காலமானார். அமெரிக்காவின் நியூபோர்ட் நகரிலே அமைந்த டென்னிஸ் வீரர் மாளிகையில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது 2006 இலே. மறைந்து பதினைந்து ஆண்டு கழித்து.

1961 விம்பிள்டனுக்கு மூன்று கிழமை முன்பு பிறந்த பிள்ளையை மேலே கூறினோம். அவன் பெயர் ரமேஷ். 1979 இலே, தந்தை வென்று சரியாக இருபத்தைந்து ஆண்டு கழித்து, விம்பிள்டன் இளைஞர் பட்டத்தை அவனும் வென்றான். தந்தையின் மென்மையான கை மகனுக்கும் வந்திருந்தது. சேர்விஸ் மென்மையும் உடன் வந்திருந்தது! ஆனால் அவன் வாழ்ந்த காலம் வேறு. பரிசுப் பணம் பெற்று ஆடும் தொழில்முறை வீரராகவே ரமேஷ் கிருஷ்ணன் வாழ்ந்தார். 1986 இலே விம்பிள்டனில் கால் இறுதிவரை சென்றார். 1989 இலே அவுஸ்திரேலியப் பகிரங்கப் போட்டியில், அப்போது உலகத்தின் முதல் வீரராயிருந்த சுவீடனின் மற்ஸ் விலாண்டரை வீழ்த்தினார். தந்தை ஆடிய அதே டேவிஸ் கிண்ணத்திலும் ஆடினார்.

1987 அரையிறுதிப் போட்டி சிட்னி நகரின் புற்றரையில் நடந்தது. எதிரே மீண்டும் அவுஸ்திரேலியா. இருபத்தொரு ஆண்டுக்கு முன் கல்கத்தாவில் நேர்ந்தது போலவே, இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. ஓர் ஆட்டம் எஞ்சியிருந்தது. அதை ஆடவேண்டியவர் ரமேஷ். வாலி மசூரை மூன்று நேர் செட்டுகளில் வென்று இந்தியாவை இறுதிப் போட்டிக்குக் கொண்டுசென்றார். அவருடன் அணியிலிருந்த விஜய் அமிர்தராஜும் சென்னையிலே பிறந்தவர். அவரும் ஆட்டத்தினாலேயே பொருளீட்டியவர். நாட்டுக்காக ஆட வந்தபோது, பணம் வாங்கியதுண்டா என்று அவர்களை வாசலிலே நிறுத்திக் கேட்க அன்று எவரும் இருக்கவில்லை.